கண்ணை மூடிப் பேசுகிறவர்கள்

கோடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியவர்கள் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள். வருடம் 1845. உல்லாசத்துக்காகக் கட்டவில்லை. சமவெளியில் காய்ச்சலும் காலராவும் வீட்டு ஆட்களைக் கொண்டுபோய்க்கொண்டே இருந்ததால் உயிர் பிழைக்க மலையேறினார்கள். ரோடு கிடையாது. நடந்தார்கள், குதிரையில் போனார்கள், முடியாதவர்களை நாற்காலியில் உட்காரவைத்து ஆட்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். நூற்று எழுபத்தேழு வருஷம் கழித்து எங்கள் குடும்பம் அதே மலையில் ஒரு வேனும் ஒரு காருமாக ஏறியது. எங்களுக்கு ஏறுவதில் ஒரு பிரச்சினையும் இல்லை. இறங்கும்போதுதான் ஒருவரைப் படுக்கவைத்து இறக்கவேண்டி வந்தது.

2022 மே. கொரோனாவால் இரண்டு வருஷம் நின்றுபோன குடும்பச் சுற்றுலா. ஆச்சியின் ஐந்து பிள்ளைகள், அவர்கள் வீட்டுக்காரர்கள், வீட்டுக்காரிகள், பேரன் பேத்திகள், ஒரு கொள்ளுப்பேரன் என்று மொத்தம் இருபத்தேழு பேர். பட்டியல் போடும் வேலை என்னுடையது. கூகுள் ஷீட்டில் யாருக்கு எந்த அறை, யாருக்குக் கத்தரிக்காய் ஆகாது, யாருக்கு வேனில் ஜன்னல் சீட் என்றெல்லாம் பத்திகள் இருந்தன. யாரையும் யாரையும் ஒரே அறையில் போடக்கூடாது என்பதற்கு ஒரு பத்தி வைத்து அதை மட்டும் மறைத்திருந்தேன். பெரிய குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பத்தியின் அவசியத்தை விளக்கத் தேவையில்லை.

எங்கள் ஊர் நாசரேத் பக்கம், தேரிக்காட்டு ஓரம். 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை விடியற்காலை மூன்று மணிக்கு வேன் கிளம்பியது. புளிச்சாதம், முறுக்கு, முதலூர் மஸ்கோத் அல்வா எல்லாம் ஏற்றிய பிறகு பெரியப்பா டிரைவர் பக்கத்தில் நின்று பைபிளைத் திறந்து 121-ஆம் சங்கீதத்தை வாசித்தார். பிரயாணத்துக்கு முன் எங்களவர்கள் வாசிக்கும் சங்கீதம் அது. மலைகளைப் பற்றி ஆரம்பிக்கும். கால் இடறாமல் காக்கிறவரைப் பற்றியும் அதில் வரும்.

சனிக்கிழமை அதிகாலை நாலரைக்கு ஆச்சி விழுந்தாள்.

வயது எண்பத்தொன்று. தினமும் நாலரைக்கு எழுந்து முழங்கால் போடுகிறவள். அன்றைக்கும் அதற்குத்தான் எழுந்தாள். நாங்கள் எடுத்திருந்த காட்டேஜ் பழையது. சிவப்புக் காவித் தரை, மெழுகு போட்டுப் பளபளவென்று வைத்திருந்தார்கள். முந்தின நாள் ஏரிக்கரையில் சின்ன அத்தை ஆசையாக ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ் வாங்கி அம்மையின் காலில் மாட்டிவிட்டிருந்தாள். ஆரஞ்சு நிறம். அதுவரை ஆச்சி வாழ்க்கையில் சாக்ஸ் போட்டதில்லை. தேரி மணலில் வெறுங்காலோடு நடந்து பழகிய பாதம். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நாலடி தூரம். அதற்குள் வழுக்கிவிட்டது.

சத்தம் கேட்டு ஆண்கள் எல்லாரும் தூக்குவதற்கு ஓடிவந்தார்கள். பெரிய அத்தை முப்பத்து நாலு வருஷம் மிஷன் ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்தவள். லைட்டைப் போட்டுக் காலைப் பார்த்தாள். வலது பாதம் வெளிப்பக்கமாகச் சரிந்து கிடந்தது. அந்தக் கால் மட்டும் ஒரு இன்ச் குட்டையாகத் தெரிந்தது.

"யாரும் தொடாதீங்க. இடுப்புல எலும்பு போயிட்டு."

எக்ஸ்ரே எடுப்பதற்கு நாலு மணி நேரம் முன்னாலேயே அவள் சொன்னது அது. இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு தலையணையை வைத்து, துண்டுகளால் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். 108-க்குப் போன் போடச் சொன்னாள். ஆச்சி அழவில்லை. "முழங்கால் போடல இன்னும்" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

மலையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸில் யார் போவது என்ற கேள்வியே எழவில்லை. "நீ கூட இருந்தாத்தான் அம்மைக்குத் தைரியமா இருக்கும்" என்று எல்லாரும் என் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்கள். அம்மா அன்றைக்கு இன்னும் காபி குடித்திருக்கவில்லை. மலைப்பாதை என்றால் அவளுக்கு வாந்தி வரும். ஷீட்டில் முன் சீட் அவளுக்குத்தான் போட்டிருந்தேன். ஒரு கையில் பிளாஸ்டிக் கவர், இன்னொரு கையில் மாமியாரின் கை. வத்தலக்குண்டு வரை அப்படியே இறங்கினாள்.

மேலே மிச்சமிருந்தவர்களுக்கு வேறொரு சங்கடம். மூன்று நாள் வாடகை கொடுத்தாகிவிட்டது. பிள்ளைகள் இன்னும் படகில் ஏறவில்லை. சிறுசுகளை இரண்டு பெரியவர்களோடு அங்கேயே விட்டுவிட்டு மற்றவர்கள் இறங்குவது என்று சித்தப்பா முடிவு செய்தார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. எட்டு வயதுப் பையன் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்ன செய்யப்போகிறான்? மத்தியானம் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் பெடல் படகில் சிரித்துக்கொண்டிருக்கும் நாலு பிள்ளைகளின் படம் வந்தது. அரை நிமிஷத்தில் அழிக்கப்பட்டது. எல்லாரும் அதற்குள் பார்த்துவிட்டிருந்தோம்.

மதுரையில் எலும்பு டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண்ணாக இருந்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். தொடை எலும்பின் உச்சியில் ஒரு பந்து இருக்கிறது. பந்துக்குக் கீழே ஒரு கழுத்து. ரத்தக்குழாய்கள் பெரும்பாலும் அந்தக் கழுத்தை ஒட்டித்தான் பந்துக்கு ஏறுகின்றன. கழுத்து ஒடிந்து விலகிவிட்டால் பந்துக்கு ரத்தம் நின்றுபோகும். சின்ன வயது என்றால் திருகு போட்டு ஒட்டவைத்துப் பார்க்கலாம். எண்பது வயதில் அது ஒட்டாமல் போகவே வாய்ப்பு அதிகம். அதனால் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைப்போம், மறுநாளே எழுப்பி நிறுத்துவோம்.

பெரியப்பாவுக்கு ஆப்பரேஷன் என்ற வார்த்தையே பிடிக்கவில்லை. கன்னியாகுமரிப் பக்கம் ஒரு ஆசான் இருக்கிறார், எண்ணெய் போட்டுக் கட்டினால் மூன்று மாதம் படுக்கையில் வைத்துச் சரியாக்கிவிடுவார் என்று மெதுவாக ஆரம்பித்தார்.

"சார், எலும்பு இவங்களை ஒண்ணும் செய்யாது. அந்த மூணு மாசப் படுக்கைதான் செய்யும்" என்றார் டாக்டர்.

அதற்கு மேல் அவர் சொன்னதை நான் போனில் குறித்துக்கொண்டேன். படுத்தே கிடந்தால் நுரையீரலில் சளி கட்டி நிமோனியா வரும், காலில் ரத்தம் உறையும், முதுகில் புண் வரும். ஒன்றிரண்டு நாட்களுக்குள் ஆப்பரேஷனை முடித்துவிட வேண்டும். அன்று இரவு நானே தேடி வாசித்தேன். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவராவது ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார்கள், சில இடங்களில் அதற்கும் மேல் என்று ஆய்வு மாற்றி ஆய்வு சொல்லிக்கொண்டிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. பெரிய அத்தைக்கு எப்படியும் தெரிந்திருக்கும்.

பணம் பெரிய பிரச்சினையாகவில்லை. ஐந்து பேரும் பிரித்துக்கொண்டார்கள், பத்து நிமிஷத்தில் முடிந்தது. முடியாமல் கிடந்தது இன்னொரு கேள்வி. இதற்குப் பிறகு ஆச்சியை யார் பார்த்துக்கொள்வது? அதை யாரும் வாயால் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படிக் கேட்கிற வழக்கம் இல்லை. ஜெபத்தில் கேட்போம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்களைப் போன்ற சி.எஸ்.ஐ. குடும்பங்களில் குடும்ப ஜெபம் என்றால் வட்டமாக உட்கார்ந்து, ஒரு கீர்த்தனை பாடி, ஒரு அதிகாரம் வாசித்து, பிறகு ஒவ்வொருவராகக் கண்ணை மூடிச் சொந்த வார்த்தைகளில் சத்தமாக ஜெபிப்பது. ஆண்டவரிடம்தான் பேசுகிறோம். ஆனால் சுற்றிலும் இருபது பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பிளஸ் டூவில் என் மார்க் குறைந்தபோது என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றிரவு அப்பா கண்ணை மூடி, "கவனச் சிதறல்களிலிருந்து இந்தப் பிள்ளையை விலக்கிக் காத்தருளும்" என்றார். மறுநாள் டிவி இணைப்பு துண்டிக்கப்பட்டது. சித்தப்பாவின் கல்யாணம், ஊர் நிலத்தின் பாகப்பிரிவினை, எல்லாமே முதலில் ஜெபத்தில்தான் வெளியே வந்திருக்கின்றன.

காலேஜில் படிக்கும்போது இதெல்லாம் வேஷம் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. என் வேலையில் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசினால் இரண்டும் விழுந்துவிடக்கூடிய நிரல்களுக்கு நடுவே ஒரு செய்தி வரிசையை வைப்போம். ஒன்று அதில் போட்டுவிட்டுப் போய்விடும், மற்றது தனக்கு முடிகிறபோது எடுத்துக்கொள்ளும். குடும்ப ஜெபமும் கிட்டத்தட்ட அதுதான். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். நடுவில் யாரும் மறித்துப் பேச முடியாது. முடிவில் எல்லாரும் சேர்ந்து ஆமென் சொல்லியாக வேண்டும். மெல்லிய மனசுக்காரர்கள் நிறைந்த ஒரு குடும்பம் உடையாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்த மொழி தெரியாதவருக்கு அங்கே ஓட்டு கிடையாது.

அம்மா ஆர்.சி. வீட்டுப் பெண். ஊர் வடக்கன்குளம். கல்யாணத்துக்காகத் திடப்படுத்தல் எடுத்து சி.எஸ்.ஐ. ஆனவள். அவளுக்குத் தெரிந்த வேண்டுதல்கள் எல்லாம் ஏற்கனவே வார்த்தை அமைந்தவை. மணி மணியாக உருட்டிச் சொல்லக்கூடியவை. எங்களுக்கு ஜெபம், அவளுக்குச் செபம். ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம் என்று சின்ன வயதில் கேலி செய்வோம். வட்டத்தில் முறை வரும்போது அவள், "நீங்க பண்ணிருங்க" என்று அப்பா கையைத் தொடுவாள். முப்பத்தைந்து வருஷமாக அப்படித்தான். அவளுடைய செபமாலை பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு அடியில் இருந்தது. அவள் சார்பில் அப்பா ஜெபித்தார். அப்பா வாயில் அவளுக்காக ஒரு வரிகூட வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அவர் நல்லவர்தான். ஆனால் அம்மைக்கு மகன், அண்ணனுக்குத் தம்பி.

ஞாயிற்றுக்கிழமை, 15-ஆம் தேதி. ஆச்சிக்கு மயக்கம் கொடுக்க இருதய எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஞாயிறு என்பதால் அது இழுத்துக்கொண்டே போனது. மத்தியானம் ஒன்றரை மணிக்கு அம்மா என் பக்கத்தில் வந்து, "உன் போனைக் கொஞ்சம் குடேன்" என்றாள். அன்றைக்கு ரோமில் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம். திருவிதாங்கூர் அரண்மனையில் வேலைபார்த்த நீலகண்டன் 1745-இல் ஞானஸ்நானம் பெற்றது வடக்கன்குளத்தில். 1752-இல் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். இந்தியாவின் பொதுநிலையினரில் முதல் புனிதர். அம்மாவின் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக எதிர்பார்த்திருந்த நாள். தங்கச்சிமார் எல்லாரும் அங்கே கூடியிருந்தார்கள். எங்கள் சுற்றுலாத் தேதியை முடிவு செய்தபோது இது யாருக்கும் தெரியாது. தெரியாது என்றால், அவளிடம் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டு பார்த்தாள். இன்னொரு காது வார்டு பக்கம். போப் பிரான்சிஸ் பெயர்களை வாசித்தபோது அவள் உதடு அசைந்தது. பத்துப் பேரின் பெயர்கள். தேவசகாயத்தின் பெயர் முடிவதற்குள் நர்ஸ் வந்து, "எக்கோவுக்குக் கூட்டிட்டுப் போகணும், அட்டெண்டர் யாரு?" என்றார். அம்மா போனை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

அன்று இரவு எட்டு மணிக்கு வராந்தா கோடியில், தண்ணீர் கேன் பக்கத்தில் குடும்ப ஜெபம். வார்டில் தூங்குகிறவர்களுக்காகப் பாட்டைத் தாழ்ந்த குரலில் பாடினார்கள்.

பெரியப்பா ஆரம்பித்தார். ரிட்டயர்டு தலைமையாசிரியர், ஜெபத்துக்கு முன்னுரை, பொருளுரை எல்லாம் இருக்கும். "எங்கள் தாயாரை இத்தனை வருஷமும் சொந்த ஊரில், சொந்த வீட்டில், அருமையான ஒரு மருமகளின் கையால் பராமரித்து வந்த கிருபைக்காக ஸ்தோத்திரம். இனிமேலும் அந்தக் கைகளைப் பெலப்படுத்தியருளும்." தீர்ப்பு வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

சித்தப்பா அதற்கு வலுச்சேர்த்தார். சென்னையில் தன் வீடு மூன்றாம் மாடியில் இருப்பதை ஆண்டவர் அறிவார், லிஃப்ட் இல்லாததையும் அறிவார். சின்ன அத்தை, நல்லெண்ணத்தில் செய்த காரியத்தை மனுஷர் எப்படிப் பார்த்தாலும் நீர் இருதயத்தைப் பார்க்கிறவர் என்று தேம்பினாள். அது சாக்ஸைப் பற்றி. பெரிய அத்தை மட்டும் நர்ஸ்போலவே ஜெபித்தாள்: "டாக்டர் கையை ஆசீர்வதியும். ரெண்டு யூனிட் ரத்தம் வேணும். ஆமென்." கண் திறந்ததும் பேரன்மார் மூன்று பேர் ரத்த வங்கிக்குக் கிளம்பத் தயாரானார்கள்.

அப்பா தொண்டையைச் செருமினார். அதற்குள் அம்மாவின் குரல் கேட்டது.

"ஆண்டவரே" என்றாள். பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. லிஃப்ட் ஏறி இறங்கும் சத்தம். நான் கண்ணைத் திறந்துவிட்டேன். அவள் கண்கள் இறுக மூடியிருந்தன. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அத்தைய நான் பதினாலு வருஷமா பாக்கேன். மாமா இறந்த நாள்லேருந்து. குறை ஒண்ணும் வச்சதில்ல, அது உமக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். இனிமே தூக்கணும், உக்கார வைக்கணும், ராத்திரி முழிக்கணும். எனக்கு அம்பத்தெட்டு ஆச்சு. எனக்கு ரெண்டு முட்டும் தேஞ்சுட்டுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, நான் யார்ட்டயும் சொல்லல. பாக்க மாட்டேன்னு சொல்லல ஆண்டவரே. தனியா மாட்டேன். அத்தைக்கு அஞ்சு பிள்ளைங்க. மூணு மூணு மாசம் ஆளுக்கொரு வீட்டுல வச்சுக்கிடட்டும். லிஃப்ட் இல்லைன்னா கீழ்வீடு வாடகைக்குக் கிடைக்கும். அப்புறம், இன்னைக்கு எங்க ஊர்ல பெரிய நாளு. நான் போவல. ஒருநாள் போவணும்."

நிறுத்தினாள். முடிப்பதற்கு எங்கள் வழக்கப்படி சொல்ல வேண்டிய வாக்கியம் அவளுக்கு வரவில்லை. கை தானாக நெற்றிக்குப் போய் சிலுவை போட்டுக்கொண்டது.

ஆமென் சொல்ல யாரும் முந்தவில்லை. முதலில் சொன்னது பெரிய அத்தை. பிறகு சின்ன அத்தை. பெரியப்பாவின் ஆமென் கடைசியாக வந்தது, ஆனாலும் வந்தது. அப்பா அன்றைக்கு ஜெபிக்கவேயில்லை. தண்ணீர் கேனில் டம்ளரைப் பிடித்து, அம்மாவுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை ஆப்பரேஷன். விழுந்து ஐம்பது மணி நேரம் தாண்டிவிட்டது என்று டாக்டர் கொஞ்சம் முணுமுணுத்தார். அன்றிரவு ஆச்சிக்குப் புத்தி தடுமாறியது. ஆட்டைக் கட்டச் சொன்னாள், மழை வருது நெல்லை அள்ளச் சொன்னாள். வயதானவர்களுக்கு இது சகஜம், இரண்டு நாளில் தெளியும் என்றார்கள். செவ்வாய்க்கிழமை வாக்கரைப் பிடித்து நின்றாள். புதன்கிழமை முழுசாகத் தெளிந்து பெரியப்பாவைக் கூப்பிட்டாள்.

"ஏ ஐயா, வேன்ல 121 வாசிச்சியே. அதுல காலைப் பத்தி என்ன போட்டிருக்கு?"

ஐந்து நாளாக இருபத்தேழு பேரும் மனசில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காத விஷயம் அது. பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"சாக்ஸைப் பத்தி ஒண்ணும் போடல, இல்லியா?" என்று சொல்லிவிட்டு, சிரித்தால் தையல் வலிக்கும் என்பதால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்று மாத ஏற்பாட்டை அவளிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. கேட்டுவிட்டு என்னையே பார்த்தாள். "ஏட்டி, பாதிரி ஐயருக்கே மூணு வருஷத்துக்கு ஒருக்கதான் மாத்தல். எனக்கு மூணு மாசமா?" என்றாள். கொஞ்சம் கழித்து, "யாரு சொன்னா இத?" என்று கேட்டாள். சொன்னேன். "அவளா? ஜெபத்துலயா?" என்று திரும்பவும் கேட்டாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, "சரி, அப்ப பெட்டியைக் கட்டுங்க" என்றாள். அவளுக்கு வருத்தம் இல்லை என்று நான் எழுத மாட்டேன். தன் வீட்டுத் திண்ணையை விட்டுவிட்டுத் தூத்துக்குடியில் பெரியப்பா வீட்டுப் பின்னறையில் மூன்று மாதம் இருப்பது அவளுக்குத் தண்டனைதான். அம்மா சொன்னது நியாயம். ஆச்சிக்கு நடந்ததும் கஷ்டம். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க என்னால் முடியவில்லை.

ஏற்பாடு சொன்னபடியெல்லாம் நடக்கவும் இல்லை. சித்தப்பா கடைசிவரை கீழ்வீடு பார்க்கவில்லை. தன் முறைக்குப் பணம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார், கொடுக்கவும் செய்தார். பெரியம்மா ஜூலையிலேயே அம்மாவுக்குப் போன் செய்து, "எப்படித்தான் பாத்தியோ பதினாலு வருஷம்" என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசினாள். நாகர்கோவிலில் பெரிய அத்தை, நடைப்பயிற்சி தவறினால் அம்மையென்றும் பார்க்காமல் அதட்டினாள். ஆச்சி நடக்கிறாள் என்றால் அது அந்த அதட்டலால்தான். நவம்பரில் ஊருக்கே திரும்பிவிட்டாள். இப்போது பகலுக்கு ஒரு அக்கா வந்து பார்த்துக்கொள்கிறார். அவருடைய சம்பளம் நாலு பங்காக ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி கூகுள் பேயில் வருகிறது. சின்ன அத்தை மட்டும் யாரும் கேட்காமலே இரண்டு பங்கு அனுப்புகிறாள். சுற்றுலாவுக்குப் போட்ட அதே ஷீட்டில்தான் கணக்கு வைத்திருக்கிறேன். மறைத்த பத்தி இன்னும் அப்படியே இருக்கிறது.

அம்மா ஆகஸ்டில் வடக்கன்குளத்துக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு, பிரசவத்தைக் கழித்துவிட்டால், அவள் அங்கே இத்தனை நாள் இருந்தது இதுதான் முதல் தடவை. தேவசகாயம் படம் போட்ட ஒரு காலண்டரைக் கொண்டுவந்து அடுக்களையில் மாட்டினாள். ஆச்சி அதைப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்றாள். அம்மா சொன்னாள். "எத்தனை அடி வாங்கியிருக்காரு, பாவம்" என்றாள் ஆச்சி. அதோடு சரி. படம் அங்கேயே இருக்கிறது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் ஊருக்கு வந்திருந்தோம். இரவு ஜெபத்தில் முறை சுற்றி வந்தது. அப்பா தொண்டையைச் செருமினார். பெரியப்பா கையைக் காட்டி அவரை நிறுத்தி, "நீ பண்ணும்மா" என்றார் அம்மாவிடம். சித்தப்பா சட்டென்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டார்.